இரண்டாம் நாளை விற்பவள்

"சூரியன் கடல்ல விழுந்துட்டா அப்புறம் எது ரெண்டாம் நாள், உசுரே? பொழுது சாஞ்சா நாள் மாறிடுது. உன் விருந்தாளிங்க வந்து இறங்குறது ரெண்டாம் நாள். உன் பொண்ணு பந்தல்ல நிக்கிறது மூணாம் நாள். மீன் வேற இலவசம்."

ஸொஹரா ததோன் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வலது கையால் பெரிய பதிவேட்டில் பெயரை எழுதத் தொடங்கிவிட்டாள். எதிர்முனையில் இருப்பவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஸொஹரா அதற்கெல்லாம் காத்திருக்கும் ஆள் இல்லை. முதலில் எழுதுவாள், பிறகு சம்மதிக்க வைப்பாள். எழுதியதை அடிக்க மாட்டாள். கல்யாணப் பெயரைக் கோடு போட்டு அடித்தால் நல்லதில்லை என்பது அவள் சட்டம். அதனால் அந்தப் பதிவேட்டில் ஏறிய ஜோடி, ஒன்று அந்தத் தேதியில் கல்யாணம் செய்துகொள்ளும், இல்லையென்றால் ஸொஹராவிடம் நேரில் வந்து அழும். இடது கை எப்போதும் மேசைக்கு அடியில்தான் இருக்கும். அது அங்கே என்ன செய்கிறது என்று வெகுகாலம் யாரும் கேட்கவில்லை.

இஸ்ரேலின் துறைமுக நகரமான அஷ்தோத்தில், தொழிற்பேட்டையில், டயர் கடைக்கும் அலுமினியக் கதவுப் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது அம்ராமின் கல்யாண மண்டபம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்துக் கண்ணாடி அறை ஸொஹராவுடையது. மருதாணிச் சிவப்பில் தலைமுடி, மணிச் சரத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, காலில் ரப்பர்ச் செருப்பு. மேசை இழுப்பறையில் வறுத்த சூரியகாந்தி விதை. பேச்சு நிற்காமலே விதையைக் கடித்து, பருப்பை விழுங்கி, தோலைக் காகிதப் பொட்டலத்தில் துப்பத் தெரிந்தவள். வயது ஐம்பத்து மூன்று. கேட்டால் ஐம்பது என்பாள், அதுவும் முறைத்துவிட்டு.

இந்த ஊரில் நாட்களுக்குப் பெயர் கிடையாது. யோம் ரிஷோன், யோம் ஷேனி என்று முதல் நாள், இரண்டாம் நாள், இப்படி ஆறு வரைக்கும் வெறும் எண்கள்தான். ஏழாவதாக வரும் ஓய்வுநாளான ஷபாத்துக்கு மட்டும்தான் சொந்தப் பெயர். மற்ற ஆறும் அதன் வாசலில் வரிசையில் நிற்கின்றன. பெயர் இல்லாவிட்டால் என்ன, குணம் இருக்கிறது. உலகம் படைக்கப்பட்ட கதையில் மூன்றாம் நாளில் 'நல்லது' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. அதற்கு முந்தைய இரண்டாம் நாளில், அதாவது நம்முடைய திங்கட்கிழமையில், அது ஒருமுறைகூட வரவில்லை. அவ்வளவுதான், தலைமுறை தலைமுறையாக எல்லாக் கல்யாணமும் எல்லாக் குடிபோதலும் மூன்றாம் நாளில் போய் விழுந்தன. மூன்றாம் நாளுக்கு மண்டபம் வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். இரண்டாம் நாளில் அம்ராமின் மண்டபத்தில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

ஸொஹரா வந்த பிறகு அப்படி இல்லை. இங்கே நாள் பிறப்பது சூரியன் அடையும்போது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதை வைத்து மண்டபத்தை நிரப்பலாம் என்று அவளுக்குத்தான் தோன்றியது. இரண்டாம் நாள் மாலை பொழுது சாய்ந்ததும் பந்தலில் நின்றால் அது மூன்றாம் நாள் கல்யாணம். இதைத்தான் இருபத்தாறு வருடமாக ஒரே குரலில், ஒரே 'உசுரே'யோடு சொல்லி வருகிறாள். வருடத்தின் எந்தத் தேதிக்கும் சூரியன் எத்தனை மணிக்கு அடையும் என்று அவளிடம் மனப்பாடமாக இருக்கிறது. "ஹெஷ்வான் மாசம் பதினஞ்சா? நாலு அம்பது." ஒருமுறை கல்யாணம் நடத்தி வைக்கும் குருவான ஒரு ரபியின் உதவியாளன் இரண்டு நிமிடம் மாற்றிச் சொல்லிவிட்டான். ஸொஹரா அவனைக் கையைப் பிடித்து மண்டபத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்கு இழுத்துப் போய், கிடங்குக் கூரைகளுக்கு அப்பால் தெரியும் கடலைக் காட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டி, அவனை மன்னிப்புக் கேட்க வைத்துத்தான் விட்டாள்.

அவளிடம் சில வினோதங்களும் உண்டு. இரண்டாம் நாளில் புது ஆலிவ் ஜாடியைத் திறக்க மாட்டாள். புதுப் பேனாவில் எழுத மாட்டாள். அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்தால் புதுக் கட்டைப் பிரிக்க வேறு யாரையாவது கூப்பிடுவாள். பல் வலியில் கன்னம் வீங்கி வந்தபோதுகூட, மருத்துவரிடம் மறுநாள்தான் போனாள். இரண்டாம் நாளென்றால் ஸொஹராவுக்குச் சோம்பல் என்று சமையற்கட்டில் பேசிக்கொண்டார்கள். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

போன குளிர்காலத்தில் அம்ராமின் மூக்குக் கண்ணாடி அவள் மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே ஸொஹராவின் குரல் தேன் மாதிரி வழிந்துகொண்டிருந்தது: மூணாம் நாள்தான் உசுரே, சுத்தமான மூணாம் நாள். கீழே அவளுடைய இடது கையின் ஐந்து விரல்களும் அகல விரிந்து, தரையைப் பார்த்து விறைத்து நின்றன. கண்ணேறு படாமல் இருக்க, கெட்டது அண்டாமல் இருக்க, இங்கே பெண்கள் கையை அப்படித்தான் விரிப்பார்கள். மகப்பேறு அறை வாசலிலும் நோயாளியின் கட்டிலருகிலும் விரிக்கிற கை அது. கல்யாணத் தேதி குறிக்கும் மேசைக்கு அடியில் அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

தொலைபேசியை வைக்கும்வரை காத்திருந்து, தரையிலிருந்தபடியே கேட்டார்.

"இது என்ன கை?"

"எந்தக் கை?"

"இருபத்தாறு வருஷமா கீழ இதுதான் நடக்குதா?"

ஸொஹரா ஒரு விதையைக் கடித்தாள். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுல்ல."

அம்ராமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய மூத்த மகன் கல்யாணத்தையே, இவள் பேச்சைக் கேட்டு, ஓர் இரண்டாம் நாள் மாலையில்தான் வைத்திருந்தார். அவர் மனைவி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வைத்தார்.

"என் பையன் கல்யாணத்துக்கும் இந்தக் கைதானா?"

"உன் பையனுக்கு ரெண்டு கையும், முதலாளி. அதான் ரெட்டைக் குழந்தை."

அன்றைக்கே மண்டபம் முழுக்கச் செய்தி பரவியது. ஊரையே இரண்டாம் நாளுக்குப் பழக்கியவள் இரண்டாம் நாளைக் கண்டு இப்படி நடுங்குகிறாள் என்பதை யாராலும் விழுங்க முடியவில்லை. மீன் வறுக்கும் ஆள், கையில் கரண்டியோடு கண்ணாடி அறை வாசலுக்கே வந்து அவளை ஏதோ புது ஆள் போலப் பார்த்துவிட்டுப் போனான். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது: இத்தனை வருடத்தில் ஓர் இரண்டாம் நாளிலும் சூரியன் இருக்கும்போது அந்த மண்டபத்தில் பந்தல் ஏறியதே இல்லை. யாராவது முன்னதாகக் கேட்டால் வெயில் என்பாள், வயசானவர்கள் வருவார்கள் என்பாள், வாத்தியக்காரர்களுக்கு நேரமாகும் என்பாள். ஒவ்வொரு ஜோடியையும் அந்த நாளிலிருந்து கைப்பிடித்துக் கரையேற்றி, அடுத்த நாளில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். கை வெறும் கூடுதல் காவல்.

காரணத்தை அம்ராமிடம் மட்டும், அதுவும் முகத்தைப் பார்க்காமல், ஒரே மூச்சில் சொன்னாள். அவள் கல்யாணம் ஒரு மூன்றாம் நாளில்தான் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கபிக்குப் பட்டாளத்திலிருந்து திடீரென்று அழைப்பு வந்ததால் ஒருநாள் முன்னால் இழுத்து வைத்தார்கள். பிற்பகல் நாலு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். பந்தலில் உரக்கப் படிக்கும் மணப்பத்திரத்தின் முதல் சொல்லே 'இரண்டாம் நாளில்' என்று விழுந்தது. நான்கு வருடம் கழித்து, மூன்று மாத வேலை என்று சொல்லி மான்ட்ரியல் போன கபி திரும்பி வரவில்லை. கணவன்தான் கொடுக்க வேண்டிய மணவிலக்குப் பத்திரத்தையும் கொடுக்கவில்லை. எட்டு வருடம் அவள் யாருக்கும் மனைவியும் இல்லை, இன்னொருவனைக் கட்டிக்கொள்ள விடுதலையும் இல்லை. கடைசியில் அந்தக் காகிதம் வந்தபோது அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"கபி நல்லவன்தான்," என்றாள் ஸொஹரா. "நாள் சரியில்ல."

கபியை நன்றாக அறிந்த அம்ராமுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அதிர்ச்சி. கையைக் கண்டதுகூட இவ்வளவு இல்லை. இத்தனை வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கிறாள், ஒருநாள்கூட அவனைத் திட்டி அவர் கேட்டதில்லை. பெருந்தன்மை என்று நினைத்திருந்தார். அவள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் ஆளை அல்ல.

பஸ்கா பண்டிகை முடிந்த வாரம், ஒரு நாலாம் நாள் காலையில், மண்டபத்துத் தொலைபேசி ஒலித்தது. எதிர்முனையில் ஒரு ஆண் குரல், சுற்றிலும் துறைமுகத்தின் கிரேன் சத்தம். தம்மூஸ் மாதம் ஏழாம் தேதி மண்டபம் காலியா என்று கேட்டது. இரண்டாம் நாள். ஸொஹரா உற்சாகமாகப் பதிவேட்டைப் புரட்டினாள். சூரியன் கடலில் விழுவதிலிருந்து மீன் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அன்றைக்குச் சூரியன் அடைவது ஏழு ஐம்பதுக்கு, எட்டே காலுக்குப் பந்தல் என்றாள்.

"எட்டே கால் வேணாம்," என்றது குரல். "ஆறரைக்கு. வெளிச்சத்துலயே."

வெயில் என்றாள். வயசானவர்கள் என்றாள். வாத்தியக்காரர்கள் என்றாள். குரல் அசையவில்லை. வாடிக்கையாளரை இழந்து பழக்கமில்லாதவள், மேசைக்கு அடியில் விரல்களை இன்னும் அகலமாக விரித்துக்கொண்டு, ஆறரை என்று எழுதினாள். பெண்ணின் பெயரைக் கேட்டாள்.

"லிராஸ்."

"அழகான பேரு உசுரே. என் பொண்ணு பேரும்..."

"உங்க பொண்ணேதான், ஸொஹரா. நான் எவியாதார் பேசுறேன்."

வருங்கால மருமகனை அவளுக்கு ஒரு வருடமாகத் தெரியும். கிரேன் சத்தத்தில் குரல் பிடிபடவில்லை. பேனா முனை நின்ற இடத்தில் மை ஊறி, லிராஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி உண்டாயிற்று. ஸொஹரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆயிரக்கணக்கான பெயர்களை ஏற்றிய அதே கையால், தன் ஒரே மகளை இரண்டாம் நாளில், பட்டப்பகல் வெளிச்சத்தில், தானே எழுதி வைத்துவிட்டாள். அடிக்கவும் முடியாது. அம்ராம் எட்டிப் பார்த்தபோது அவள் தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் இருந்தவன் எப்போதோ வைத்துவிட்டுப் போயிருந்தான்.

யோசனை லிராஸுடையது. எவியாதார் கப்பல் இயந்திரப் பழுது பார்ப்பவன். தம்மூஸ் ஏழாம் தேதி வரும் வாரத்தின் கடைசியில் நான்கு மாதப் பயணம் போகிறான். அதற்கு முன்பு கல்யாணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரில் கேட்டால் அம்மா எப்படியாவது வேறு நாளுக்குத் தள்ளிவிடுவாள், பதிவேட்டில் ஏறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று மகள் கணக்குப் போட்டிருந்தாள். வளர்ந்ததெல்லாம் அந்தக் கண்ணாடி அறையில், அந்தப் பதிவேட்டின் பின் பக்கங்களில் படம் வரைந்துதான். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். வலிக்கிற இடத்தைத் தொட அவளுக்குத் தயக்கம் கிடையாது.

சாயங்காலம் வீட்டில் ஸொஹரா அடுப்பில் கூஸ்கூஸை மறந்துவிட்டு நின்றாள். மூன்றாம் நாள் காலியில்லை என்றால் தெருவில் பந்தல் போடுகிறேன், கடற்கரையில் போடுகிறேன், இல்லை அதே நாளில் எட்டே காலுக்காவது வைத்துக்கொள் என்று கெஞ்சினாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நாள் நம்மள விட்டுட்டுப் போகலம்மா. அப்பாதான் போனாரு."

ஸொஹரா அடுப்பை அணைத்தாள். அறைந்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டாள். இந்த வீட்டில் இருபத்தேழு வருடமாக யாரும் சொல்லாத வாக்கியம் அது. மகள் இன்னொன்றும் சொன்னாள்.

"சூரியன் அடையுற வரைக்கும் ஒளிஞ்சிருந்து நான் கட்டிக்க மாட்டேன். போறவன் எந்த நாள்ல கட்டினாலும் போவான். எவியாதார் போகாம இருந்தா, அது அவனாலதான்னு எனக்குத் தெரியணும்."

அடுத்த பத்து வாரம் ஸொஹரா சும்மா இருக்கவில்லை. பந்தலை நடத்தி வைக்க வேண்டிய ரபி எல்காயமிடம் போய், ஒரு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வாருங்கள் என்று கேட்டாள். பத்திரத்தில் 'இரண்டாம் நாளில்' என்று எழுதியாயிற்று, பொழுது சாய்ந்துவிட்டால் தேதி பொய்யாகிவிடும், எல்லாவற்றையும் புதிதாக எழுதிச் சாட்சிகள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். காகிதம் நான் கொண்டுவருகிறேன் என்றாள். அவர் சிரித்துவிட்டு, மணமக்கள் வந்து கேட்டால் மாற்றுகிறேன் என்றார். அவர்கள் கேட்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று மண்டபத்து ஆட்கள் எல்லோருடைய கண்ணும் அவள் மேலேயே இருந்தது. ஏதாவது செய்வாள் என்று அவர்களுக்கு நிச்சயம். அம்ராம் மின்சாரப் பெட்டியின் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீன் வறுக்கும் ஆள் வாத்தியக்காரர்களின் வண்டியை மண்டபத்து வாசலிலிருந்து யாரும் திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொண்டான். ஸொஹரா பச்சைப் பட்டு உடையும் உயரச் செருப்புமாக எல்லோரையும் வரவேற்றாள். சம்பந்தியம்மாளைக் கட்டிக்கொண்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஆறரைக்குப் பின்முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நின்றார்கள். கிடங்குக் கூரைகளுக்கு மேலே சூரியன் தன் பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. இறங்கும் உத்தேசமே அதற்கு இருந்த மாதிரி தெரியவில்லை. எவியாதார் மோதிரம் போட்டான்.   ரபி எல்காயம் மணப்பத்திரத்தை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இரண்டாம்..."

ஸொஹரா குலவை போட்டாள்.

அடிவயிற்றிலிருந்து வந்த குலவை. மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பங்களில் ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பது மரியாதை இல்லை. சித்திகளும் அத்தைகளும் சேர்ந்துகொள்ள, முற்றமே அதிர்ந்தது. ரபியின் அந்தச் சொல் அதில் மூழ்கிப் போயிற்று. அவர் புன்னகையோடு காத்திருந்தார். தாயின் சந்தோஷம் என்று நினைத்திருக்க வேண்டும். ஓய்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் எழுத்து வாயை விட்டு வருவதற்குள் ஸொஹராவின் குலவை மறுபடி கிளம்பியது.

இந்த முறை யாரும் சேரவில்லை. அது தனியாக ஒலித்து, தனியாக நின்றது. முந்நூறு பேர் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். பத்திரம் படிக்கும்போது பெற்ற தாயே குறுக்கே விழுவதை யார் கண்டிருக்கிறார்கள்? சம்பந்தியம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். அம்ராம் சட்டைப் பையில் சாவியை இறுகப் பிடித்தார். காவல் போட வேண்டிய இடம் அது இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ரபி காகிதத்தைத் தாழ்த்தினார். "ஸொஹரா, இதைப் படிச்சாத்தாம்மா கல்யாணம்."

ஸொஹரா அவரைப் பார்க்கவில்லை. முகத்திரைக்குள் லிராஸின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.  நாலு மணி வெயில் நினைவுக்கு வந்தது, மான்ட்ரியலிலிருந்து எட்டு வருடம் வராத தபால் நினைவுக்கு வந்தது. திரைக்குள்ளிருந்து மகள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.  எவ்வளவு நேரமானாலும் நிற்பேன் என்பதுபோல் பார்த்தாள், அவ்வளவுதான். சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரபி மூன்றாம் முறையாகக் காகிதத்தை உயர்த்தினார். ஸொஹராவின் நாக்கு மேலண்ணத்துக்கு எழும்பிவிட்டது. அந்த நொடியில், முதுகுக்குப் பின்னால் விரிந்து கிடந்த இடது கை முன்னால் வந்து, அவளுடைய வாயை இறுகப் பொத்தியது.

"இரண்டாம் நாளில்," என்று ரபி எல்காயம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி படித்தார், "தம்மூஸ் மாதம் ஏழாம் தேதியில்..."

அவர் படித்து முடித்து, காகிதத்தைச் சுருட்டி மணமகள் கையில் கொடுக்கும்வரை, ஸொஹரா அந்தக் கையை எடுக்கவில்லை.